ஒரே நேரத்தில் எத்தனை தொட்டி

கலையரசி நகப்பூச்சு போடுகிறவள் இல்லை. ஆனாலும் அவள் கைப்பையில் எப்போதும் ஒரு சிவப்பு நகப்பூச்சுப் புட்டி இருக்கும். மகள் சிம்ரனுடையது, கேட்காமல் எடுத்தது. வீட்டில் எண்ணெய்ப் பாட்டிலில் எண்ணெய் நிற்கிற மட்டத்தில் ஒரு கோடு. ஸ்கூட்டியின் பெட்ரோல் மூடியில் தொடங்கி டேங்கில் முடிகிற ஒரு கோடு. கேஸ் சிலிண்டரின் தலையில் ஒன்று. கோடு நேராக இருந்தால் யாரும் கை வைக்கவில்லை. உடைந்திருந்தால் யாரோ வைத்திருக்கிறார்கள்.

அவள் புருஷன் ராமராஜன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். என் முதுகிலயும் ஒரு கோடு போட்டு அனுப்பேன் என்று ஒருமுறை சொன்னான். அவள் சிரிக்கவில்லை. எங்கே போடலாம் என்று யோசிக்கிறவள் மாதிரி அவனைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனி மாதம் ஒரு புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, ஓரிக்கை ரோட்டில் இருக்கும் கூட்டுச் சாயப்பட்டறையின் பம்ப் அறையில், வால்வின் தலையில் அவள் போட்டிருந்த கோடு உடைந்திருந்தது. திருகு இடது பக்கம் இரண்டு சுற்று தளர்ந்திருந்தது. மூன்று வாரமாகவே காலையில் வந்து பார்த்தால் திருகின் அளவு குறைந்திருக்கும், அவள் இறுக்கிவைப்பாள். ஸ்பிரிங் தானாகத் தளர்கிறதோ என்று முதலில் நினைத்தாள். நம்பிக்கை வராமல்தான் செவ்வாய்க்கிழமை கோடு போட்டாள். ஸ்பிரிங் தளர்ந்தால் திருகு திரும்பாது. திருகைத் திருப்பக் கை வேண்டும், கையில் ஸ்பானர் வேண்டும். பட்டறையின் ஸ்பானர் அவளிடம் மட்டும்தான் இருக்கிறது.

நல்லதுதான் என்று முதலில் தோன்றியது. அப்புறம் அதுவே அவளைச் சுட்டது. ஸ்பானர் அவளிடம் மட்டும்தான் இருக்கிறது.

கலையரசி ஓரிக்கையில் பிறந்தவள். அப்பா வீராசாமி அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். அவள் ஐடிஐயில் ஃபிட்டர் படித்தாள், வகுப்பில் இரண்டே பெண்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் குளிர்நீர்ப் பிரிவில் ஒன்பது வருஷம் வேலை. ஒருநாள் அங்கே ஒரு பிரஷர் கேஜ் காணாமல் போனது. அந்த ஷிஃப்டில் இருந்தவர்கள் நான்கு பேர். வாசலில் அவள் பையை மட்டும் கொட்டிப் பார்த்தார்கள். பையில் சோற்று டப்பாவும் ஒரு சீப்பும் இருந்தன. கேஜ் மறுவாரம் கழற்றிப்போட்ட பழைய பம்பு ஒன்றிலேயே அகப்பட்டது. அதற்குள் அவள் ஒப்பந்தம் முடிந்ததாகக் கடிதம் வந்திருந்தது. அகப்பட்டதை யாரும் அவளிடம் சொல்லவில்லை, வேறு ஆள் மூலமாகத் தெரிந்தது. அன்றிலிருந்துதான் கோடு.

பட்டறைக்கு அவள் வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆறு சாயக்காரர்கள், ஆறு தொட்டிகள். முன்பு ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் தனித்தனி விறகடுப்பு. புகைக்குத் தெருவில் ஆட்சேபம் வந்தபிறகு, போன தை கழிந்ததும் ஒரே கொதிகலன் வைத்து, வெந்நீரைக் குழாயில் ஓடவிட்டார்கள். போகும் குழாய் ஒன்று, திரும்பும் குழாய் ஒன்று. நடுவில் ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் சுருள்குழாய் ஓடித் தொட்டியைச் சூடாக்கும். தொட்டிக்கு ஒரு கைப்பிடி. திறந்தால் சூடு, மூடினால் இல்லை. பம்பு மட்டும் நிற்காமல் தள்ளிக்கொண்டே இருக்கும்.

அந்த இரண்டு குழாய்களுக்கும் நடுவே, பம்புக்குப் பக்கத்தில், குறுக்கே ஒரு சின்னக் குழாயில் உட்கார்ந்திருந்தது அந்த வால்வு. ஒரு சொம்பு அளவுதான். மாட்டிக் கொடுத்தவன் ஜெபகுமார், சென்னையிலிருந்து வந்த எஞ்சினியர், முப்பது வயதுக்குள் இருப்பான். அது எதற்கென்று அவளுக்கு விளக்கினான். எல்லாத் தொட்டியும் திறந்திருக்கும்போது தண்ணீர் தாராளமாகச் சுற்றிவரும். சில தொட்டிகளை மூடினால் அந்தத் தண்ணீருக்குப் போக இடமில்லை. பம்புக்கு அது தெரியாது, தள்ளிக்கொண்டேதான் இருக்கும். போகும் குழாயில் அழுத்தம் ஏறும். திறந்திருக்கிற ஒன்றிரண்டு தொட்டிகளில் தண்ணீர் பாயும், கைப்பிடிகள் திருப்ப முடியாமல் இறுகும், பம்பு சூடேறும். அப்போது இந்த வால்வு திறந்து, மிஞ்சிய தண்ணீரைக் குறுக்கு வழியில் திரும்பும் குழாய்க்கு விட்டுவிடும். தொட்டிகளைத் திறந்ததும் தானே மூடிக்கொள்ளும்.

கொதிகலன் மேல் இருக்கிற சேஃப்டி வால்வு மாதிரியா என்று அவள் கேட்டாள். இல்லை என்றான். அது ஒரு அழுத்தத்தை மட்டும் பார்க்கும், மீறினால் வெளியே ஊதிவிடும். இது இரண்டு பக்கத்தையும் பார்க்கும். போகும் குழாயில் அழுத்தம் மூன்று பார், திரும்பும் குழாயில் இரண்டு பார் என்றால் வித்தியாசம் ஒன்று. ஐந்தும் நான்கும் என்றாலும் ஒன்றுதான். இதற்கு இரண்டும் ஒன்றே. வித்தியாசம் ஸ்பிரிங்கின் அளவைத் தாண்டினால்தான் வாய் திறக்கும்.

அது கலையரசிக்குப் பிடித்திருந்தது. இரண்டு கேஜ் சொல்வதில் எதையும் அப்படியே நம்பாமல், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை மட்டும் பார்க்கிற பொருள். அவளும் அப்படித்தான் மனிதர்களைப் பார்த்தாள்.

இதெல்லாம் வாங்குவதற்கு முன்னால் நடந்த ஒன்றை இங்கே சொல்லவேண்டும். ஜெபகுமார் முதல்முறை வந்தபோது கையில் ஒரு படிவம் வைத்துக்கொண்டு அவளிடம் வரிசையாகக் கேட்டான். குழாய் எத்தனை இஞ்சு, தொட்டி எத்தனை, ஒரு தொட்டிக்கு நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாள். கடைசிக் கேள்வி: ஒரே நேரத்தில் எத்தனை தொட்டி மூடியிருக்கும்?

அவள் உடனே அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஏன் கேட்கிறான்?

அந்தப் பட்டறையில் தினமும் காலை ஒன்பதரைக்கு வெயில் பார்ப்பார்கள். சாயம் ஏறிய பட்டுச் சிட்டத்தை, அதாவது நூல் கற்றையை, தொட்டியிலிருந்து எடுத்துப் பிழிந்து, முற்றத்தில் மேற்குச் சுவர் ஓரமாக மாதிரி நூலோடு சேர்த்துப் பிடித்துப் பார்ப்பது. நிறம் வந்துவிட்டதா இல்லையா என்பதை அந்த நேரத்து வெயில்தான் சொல்லும். மதியத்து வெயில் எல்லாவற்றையும் வெளுப்பாகக் காட்டும், டியூப்லைட் எல்லாவற்றையும் நீலமாகக் காட்டும். அதனால் காஞ்சிபுரத்துச் சாயக்காரர்கள் வேறு எந்த வெளிச்சத்தையும் நம்ப மாட்டார்கள். தொட்டி காய்ந்துகொண்டே இருந்தால் நிறம் ஓடிவிடும் என்று கைப்பிடியை மூடிவிட்டுத்தான் வெளியே போவார்கள். அரைமணி நேரம், சில நாள் முக்கால் மணி.

அந்த நாட்களில் ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. நிறம் பார்க்க விளக்குப் பெட்டி என்று ஒன்று வருகிறதாம். அது வந்துவிட்டால் வெயிலுக்குப் போகவேண்டாம், ஆறு பேர் வேலையை நான்கு பேர் பார்க்கலாமாம். மேனேஜர் சபாபதி யாரிடமோ போனில் விசாரித்தார் என்று ஐந்தாம் தொட்டி ஆள் கேட்டு வந்து சொன்னான். இப்போது சென்னையிலிருந்து ஒருத்தன் வந்து, எத்தனை தொட்டி சும்மா நிற்கும் என்று கேட்கிறான்.

“ஒண்ணுதான் சார். ஒண்ணு மூடினா மத்ததெல்லாம் ஓடிக்கினேதான் இருக்கும்” என்றாள் கலையரசி.

அவன் ஒன்று என்று எழுதிக்கொண்டான். கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். சாமர்த்தியமாகப் பதில் சொன்னதாக அன்று சாயங்காலம் ராமராஜனிடம் சொல்லிக்கொண்டாள்.

சித்திரை வரை மூன்று தொட்டிகளுக்குத்தான் வேலை இருந்தது, மற்ற மூன்றின் கைப்பிடிகளும் திறந்தே கிடந்ததால் தொந்தரவு எதுவும் இல்லை. ஆவணி முகூர்த்தங்களுக்கு ஆர்டர் வரத் தொடங்கியதும் ஆறும் ஓடின. வைகாசிக் கடைசியில் கோளாறு ஆரம்பித்தது. ஆறாம் தொட்டிக்காரி துளசி, மதியத்துக்குமேல் தன் தொட்டி காய்வதே இல்லை என்றாள். கலையரசி காலையில் போய்ப் பார்த்தால் நன்றாகக் காய்ந்தது. சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு போன திங்கட்கிழமை ரேணுகாம்பாள் என்ற நெசவுக்காரம்மாள் பட்டறைக்கு வந்தாள். ஒரு சேலைக்கு இரண்டு கரைக்கும் வேண்டிய அரக்கு நூலைக் கொடுத்திருந்தாள். அவசரம் என்பதால் பாதியை முதல் தொட்டியிலும் பாதியை ஆறாம் தொட்டியிலும் போட்டிருந்தார்கள். தறியில் ஏற்றி அரை முழம் ஓட்டியபிறகுதான் தெரிந்திருக்கிறது. இடது கரை ஒரு அரக்கு, வலது கரை இன்னொரு அரக்கு. அவள் சத்தம் போடவில்லை. மீதி நூலைச் சபாபதியின் மேஜைமேல் வைத்துவிட்டு, கட்டிக்கப் போற பொண்ணு ஒரு பக்கமாவே திரும்பி உட்கார்ந்துக்கினா தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சபாபதி கலையரசியைக் கூப்பிட்டார். ஆறாம் தொட்டிக்குப் போகவேண்டிய சூடு எங்கே போகிறது என்று கேட்டார். வால்வு தளர்ந்து கிடந்தது, இறுக்கிவிட்டேன் என்றாள். யார் தளர்த்தினது? தெரியவில்லை. சனிக்கிழமை பட்டறைக்குப் பணம் போட்ட பங்குதாரர்கள் கூடுகிறார்கள், அதற்குள் தெரிந்தாகவேண்டும், கை வைத்தவர் யாரானாலும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்றார். அவள் எழுந்து வாசலைத் தாண்டும்போது சொன்னார்.

“ஸ்பானர் உன் கிட்டதாம்மா இருக்குது.”

மறுநாள்தான் அவள் கோடு போட்டாள். புதன்கிழமை அது உடைந்திருந்தது.

அவள் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டாள். துளசியாக இருக்காது, தன் தொட்டியைத் தானே ஆறவைத்துக்கொள்ள அவளுக்கு என்ன வந்தது. அல்லது அப்படி யாரும் நினைக்கமாட்டார்கள் என்பதற்காகவே செய்யலாம். காவல்காரர் கலியனுக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. தெரியாது என்று அவர்தான் சொல்கிறார். சபாபதிக்கே அவளை அனுப்பிவிட்டு வேறு ஆள் வைக்கும் எண்ணம் இருக்கலாம். ஸ்பானர் உன்னிடம்தான் என்று அவ்வளவு நிதானமாக அவரால் எப்படிச் சொல்ல முடிந்தது? ஜெபகுமார்கூட இருக்கலாம். கோளாறு வந்தால் பார்க்க வருவான், வந்தால் புதிதாக ஏதாவது விற்கலாம். அவன் சென்னையில் இருக்கிறான் என்பது ஒன்றுதான் அவனுக்குச் சாதகமாக இருந்தது.

வால்வின் கழுத்தில் ஒரு மஞ்சள் பட்டுநூல் சுற்றியிருந்ததை அவள் பார்த்திருந்தாள். சித்திரை முதல் தேதி பூஜையில் எல்லாச் சாமானுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள், அப்போது கட்டினது என்று அதை எண்ணாமல் விட்டுவிட்டாள். சந்தேகப்பட்டே பழகியவள் விட்டது அது ஒன்றைத்தான்.

வியாழக்கிழமை மணிக்கு ஒருதரம் போய்ப் பார்த்தாள். எட்டு மணிக்கு இறுக்கிப் புதுக் கோடு போட்டாள். ஒன்பதுக்கு நேர். பத்துக்கு உடைந்திருந்தது.

ஒன்பதரை வெயில். அந்த நேரத்தில் ஆறு பேரும் முற்றத்தில் ஒருத்தர் கண்ணெதிரே ஒருத்தர் நிற்கிறார்கள். தொட்டிகள் மூடினதும் சூடு குறைவாகப் போதும் என்பதால் அவள் கொதிகலன் பக்கம் போய்த் தீயைக் குறைப்பாள். பம்ப் அறை காலியாகத்தான் இருக்கும். அங்கிருந்து அவளுக்கு டம் டம் என்று குழாய் இடிக்கிற சத்தம் கேட்கும். சில நிமிஷத்தில் கொஞ்சம் அடங்கும். தொட்டிகளை மூடினால் அப்படித்தான் இருக்கும்போல என்று இத்தனை நாள் இருந்துவிட்டாள். இடிப்பது இயல்பு என்றே வைத்துக்கொண்டாலும், தானாக ஏன் அடங்கவேண்டும்?

வெள்ளிக்கிழமை ஒன்பதே காலுக்கே தீயைக் குறைத்துவிட்டு, பம்ப் அறையில் உப்புநீக்கித் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஒன்பதரைக்கு ஒவ்வொரு கைப்பிடியாக மூடுகிற கிரீச் சத்தம் கேட்டது. எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. குழாய் முனகியது. நான்கு. ஐந்து. டம்மென்று இடித்தது. ஆறாவது சத்தம் வரவில்லை.

கதவு திறந்தது. முதல் தொட்டி வெங்கடேசன். ஐம்பது வயதுக்காரர், பட்டறைக்கே மூத்த சாயக்காரர், இரண்டு கையும் முழங்கைவரை அரக்கு. அவசரமில்லாமல் வந்து, வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சின்ன ஸ்பானரை எடுத்தார். முதலில் மஞ்சள் நூலைத் தொட்டுப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு திருகில் ஸ்பானரை மாட்டினார்.

“கைய எடுக்காதண்ணா. அப்டியே இரு” என்றாள் கலையரசி.

வெங்கடேசன் திடுக்கிடவில்லை. மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

“எத்தினி நாளா நடக்குது இது?”

“நீ எத்தினி நாளா இறுக்கிக்கினு இருக்கியோ அத்தினி நாளா.”

அவர் திருகோடு சேர்த்துத் தான் கட்டியிருந்த நூலைக் காட்டினார். இந்த முடிச்சு தினமும் காலையில் இடம் மாறியிருக்கும், அதனால் நீதான் இறுக்குகிறாய் என்று எனக்கு எப்போதோ தெரியும் என்றார். கோடு போடத் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்று அவள் நினைத்திருந்தாள்.

“நான் இறுக்கறது அளவுக்குண்ணா. எஞ்சினியர் வெச்சிட்டுப் போன அளவு.”

“அளவா? என் தொட்டிய வந்து பாருமா. அரக்கு மெதுவாத்தான் ஏறும், நான் கடசியாத்தான் மூடணும். அதுக்குள்ள அஞ்சு பேரும் மூடிட்டு வெயிலுக்குப் பூடறாங்க. அவங்க தண்ணியும் என் தொட்டிக்கே வந்துடுது. கைப்பிடியத் திருப்ப முடியல. பட்டு வெந்துடும்போல இருக்குது. இதக் கொஞ்சம் தளத்தினா அடங்குது. முழுசா இல்ல, கொஞ்சம்.”

“என் கிட்ட சொல்றதுக்கு இன்னா?”

“நீதான் வேணும்னே பண்றன்னு நெனச்சேன். சித்திர பூஜ அன்னிக்கு, இவ சுண்டல் தட்டுல கூட கோடு போடுவான்னு எல்லார் எதிர்லயும் சொல்லிட்டேனே. அந்தக் கோவம்னு.”

கோபம் இருந்தது உண்மைதான். ஆனால் அன்று அவள் சுண்டல் தட்டைப் பார்க்கக்கூட இல்லை.

குழாய் திரும்பவும் இடித்தது. அவர் சொல்வது நிஜமா என்று பார்க்க அவளிடம் ஒரு வழி இருந்தது. இரண்டு கேஜையும் பார்த்தாள். திரும்பும் குழாயில் இரண்டு. போகும் குழாயில் மூன்று புள்ளி ஒன்பது. வித்தியாசம் கிட்டத்தட்ட இரண்டு. வால்வு வைத்திருப்பதோ ஒன்றுக்கு. ஒன்றைத் தாண்டினதும் திறந்து தண்ணீரை விட்டு, அதை ஒன்றுக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருக்கவேண்டும். அவர் கையிலிருந்த ஸ்பானரை வாங்கித் தானே தளர்த்தினாள். முள் ஒன்றரை வித்தியாசத்துக்கு இறங்கி நின்றது. இன்னும் தளர்த்தினாள். அதற்குமேல் இறங்கவில்லை. வால்வு முழுவாயும் திறந்துவிட்டது. அதன் வாயே அவ்வளவுதான்.

இப்போது எல்லாம் புரிந்தது. தளர்த்திவிட்டபின் தொட்டிகளைத் திறந்தால் வித்தியாசம் முக்காலுக்குப் பக்கத்தில் இருக்கும். தளர்ந்த ஸ்பிரிங்குக்கு அதுவே அதிகம். அதனால் வால்வு மூடாது. நாள் பூராவும் வெந்நீர் குறுக்கு வழியில் ஓடிக்கொண்டே இருக்கும். கடைக்கோடியில் இருக்கிற ஆறாம் தொட்டிக்குப் போய்ச்சேர்வது மிச்சம்தான். துளசி சாக்குச் சொல்லவில்லை. வெங்கடேசன் செய்தது அவர் தொட்டிக்குச் சரி. அவள் செய்தது ஆறாம் தொட்டிக்குச் சரி. வால்வு தப்பு.

அங்கேயே நின்று ஜெபகுமாருக்குப் போன் போட்டாள். அவன் எல்லாம் கேட்டுவிட்டு, கொஞ்சம் இருங்க அக்கா என்று எதையோ புரட்டினான்.

“ஒரே நேரத்துல எத்தனை மூடும்னு கேட்டேன். ஒண்ணுன்னு சொன்னீங்க. கையெழுத்து இருக்கு.”

அவன் திட்டவில்லை, கணக்கைச் சொன்னான். ஒரு தொட்டிக்கு நிமிஷத்துக்கு ஐம்பது லிட்டர், அதாவது மணிக்கு மூன்று கனமீட்டர். வித்தியாசம் ஒரு பார் இருக்கும்போது முழுசாகத் திறந்த வால்வு மணிக்கு எத்தனை கனமீட்டர் விடும் என்று ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு எண் உண்டு. ஒரு தொட்டிதான் மூடும் என்றதால் எண் மூன்று உள்ள முக்கால் இஞ்சு வால்வு வாங்கினான். ஐந்து தொட்டித் தண்ணீரை ஒரு தொட்டி வால்வு எப்படி விடும்? அது தன்னால் முடிந்ததை விட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்றான்.

குழாய் இரண்டரை இஞ்சு, வால்வையும் இரண்டரைக்கே போட்டுவிட்டால் என்ன என்று கேட்டாள். கூடாது என்றான். அவ்வளவு பெரியது இந்தத் தண்ணீருக்குத் துளிதான் திறக்கும். திறந்து மூடித் திறந்து மூடி வாய் விளிம்பில் தட்டிக்கொண்டே இருக்கும், ஆறு மாதத்தில் தேய்ந்து ஒழுகும். குழாயைப் பார்த்து வால்வு வாங்கக்கூடாது, மூடும்போது எவ்வளவு தண்ணீர் மிஞ்சுமோ அதைப் பார்த்து வாங்கவேண்டும். அளவு ஒன்றுக்கே இருக்கட்டும். எல்லாம் திறந்திருக்கும்போது உள்ள முக்காலைவிடக் கொஞ்சம் மேலே இருந்தால்தான் வேண்டாத நேரத்தில் திறக்காது.

“சரி, இப்ப நெஜமாச் சொல்லுங்க. எத்தனை?”

அவள் வெங்கடேசனைப் பார்த்தாள். ஐந்து என்று விரல் காட்டினாள். அவர் தலையாட்டினார்.

“ஆறுமா. வெள்ளிக்கிழம கற்பூரம் காட்டறப்ப எவன் தொட்டி கிட்ட நிப்பான்?”

“ஆறு” என்றாள் போனில்.

மணிக்குப் பதினெட்டு, ஒன்றரை இஞ்சு வரும் என்றான். பிறகு குரலைத் தணித்து, வேண்டுமானால் பட்டறையில் வேலைமுறை மாறிவிட்டது என்று எழுதிக்கொள்கிறேன், உங்கள் பெயர் வராது என்றான். இவனுக்கு ஏன் இவ்வளவு கரிசனம் என்று அவளுக்கு உடனே தோன்றியது. சாயக்காரர் ஒருவரிடம்கூட அவன் அன்று கேட்கவில்லை. அதை மறைக்கப் பார்க்கிறான்.

போனை வைத்தாள். வேலைமுறை மாறிவிட்டது என்று எழுதினால் அவள் தப்பிப்பாள், ஜெபகுமார் தப்பிப்பான். ஆனால் நேற்றும் முந்தாநாளும் திருகில் கை வைத்த ஆள் ஒருத்தர் இருக்கிறார். நாளைக்குப் பங்குதாரர்கள் கூடும்போது அவரைத்தான் கேட்பார்கள். ஏன் தளர்த்தினாய் என்றால், வால்வு போதவில்லை என்பார். ஏன் போதவில்லை என்றால், அவரிடம் பதில் இல்லை. பதில் அவளிடம் இருக்கிறது. அவர் பையைக் கொட்டிப் பார்த்தால் மஞ்சள் நூலும் ஒரு ஸ்பானரும் விழும்.

வெங்கடேசன் ஸ்பானரை அவளிடமே விட்டுவிட்டு, சிட்டம் காஞ்சிடும் என்று சொல்லி வெயிலுக்குப் போய்விட்டார்.

சபாபதியின் அறையில் அவள் உட்காராமல் நின்றபடியே சொன்னாள். வெங்கடேசன் தளர்த்தியதையும் சொன்னாள், அவரால் வேறு என்ன செய்திருக்க முடியும் என்பதையும் சொன்னாள். கடைசியில் படிவத்தைப் பற்றிச் சொன்னாள். சபாபதி கண்ணாடியைக் கழற்றிவைத்தார்.

“ஆறு மூடும்னு தெரிஞ்சிக்கினே ஒண்ணுன்னு ஏம்மா சொன்ன?”

“வெளக்குப் பொட்டி வந்துடும்னு, சார். வெயில் பாக்க உடமாட்டீங்கன்னு.”

அவர் மூலையைக் காட்டினார். அங்கே ஓர் அட்டைப்பெட்டிமேல் அவருடைய டிஃபன் கேரியர் இருந்தது.

“அதாம்மா வெளக்குப் பொட்டி. வந்து ஒரு வருஷம் ஆவப்போவுது. மொத நாளே போட்டுப் பாத்தேன். அரக்கும் காப்பிப்பொடிக் கலரும் அதுல ஒண்ணாத் தெரியுது. அன்னிக்கு மூடினதுதான்.”

அவள் போய் டிஃபன் கேரியரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைக் குனிந்து படித்தாள். தேதி சரியாகத்தான் இருந்தது. ஜெபகுமார் படிவத்தோடு வருவதற்கு நான்கு மாதம் முந்தியது. சபாபதி அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

“எழுதிக் குடு” என்றார்.

அவள் எழுதினாள். தொட்டி ஒன்றுதான் மூடும் என்று நான் சொன்னது பொய், ஆறும் மூடும், முதல் தொட்டி வெங்கடேசன் மேல் தவறில்லை. கையெழுத்து, தேதி. அவர் இரண்டுமுறை படித்தார். கிழிக்கவில்லை. இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. வெங்கடேசனையும் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை சுவரில் மாட்டியிருந்த பலகையில் சாக்பீஸால் ‘9.30 – 10.15 வெயில்’ என்று எழுதியிருந்தது. அப்படி எழுதி அதுவரை யாரும் பார்த்ததில்லை. மற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள். கலையரசி அதை ரொம்பநேரம் படித்தாள். நேரத்தை எழுதிவிட்டார்கள் என்றால் இனி அளக்கப்போகிறார்கள். அல்லது வெறுமனே எழுதியிருக்கிறார்கள். இரண்டில் எது என்று பலகையைப் பார்த்தால் தெரியவில்லை.

பத்து நாளில் ஒன்றரை இஞ்சு வால்வு வந்தது. ஜெபகுமார் இந்தமுறை ஒவ்வொரு தொட்டியாகப் போய் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் மாட்டினான். ரேணுகாம்பாளின் வலது கரைக்கு வேறு நூல் சாயமேற்றிக் கொடுத்தார்கள், முதல் தொட்டியிலேயே, வெங்கடேசன் கையால். அந்தம்மாள் அதை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஒன்பதரைக்குக் கலையரசி பம்ப் அறையில் கேஜ் முன்னால் நின்றாள். கைப்பிடிகள் மூடின. மூன்று, நான்கு, ஐந்து. போகும் குழாயின் முள் ஏறி, மூன்று புள்ளி ஒன்றில் நின்றது. வித்தியாசம் ஒன்றும் ஒரு பத்தில் ஒரு பங்கும். ஆறாவது கைப்பிடியும் லேசாகத் திரும்பி மூடியது. முள் இன்னும் ஒரு மயிரிழை நகர்ந்தது, அவ்வளவுதான். எதுவும் இடிக்கவில்லை. குறுக்குக் குழாயில் கை வைத்துப் பார்த்தாள். சுட்டது. தண்ணீர் உள்ளே சத்தமில்லாமல் திரும்பிக்கொண்டிருந்தது.

பையிலிருந்து நகப்பூச்சை எடுத்து, புது வால்வின் திருகிலிருந்து உடம்புவரை ஒரு கோடு போட்டாள். வெங்கடேசனின் ஸ்பானர் அவள் பெட்டியில்தான் இருந்தது. அவர் திருப்பிக் கேட்கவே இல்லை.

அடுத்த நாள் கோடு நேராக இருந்தது. அதற்கடுத்த நாளும். ஒரு வாரம் கழித்தும் அப்படியே. கலையரசி அதன்முன் குந்தி உட்கார்ந்து, உடையாத கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். இது தான் போட்ட கோடுதானா, யாராவது துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டதா என்று யோசித்தாள். இதே சிவப்பு ராஜவீதிக் கடைகளில் எல்லோருக்கும் கிடைக்கும்.

வீட்டுக்குப் போனதும் சிம்ரனிடம் வேறு நிறம் இருக்கிறதா என்று கேட்டாள்.